கண்ணாடிக்கடைக்காரரின் பறவைகள்

"இன்னிக்கு யாரும் நடுவுல நிக்கக் கூடாது," என்றார் கேப்டன். "நின்னா, அடுத்த வாரத்துலேர்ந்து அவர் வீட்டுலயே நின்னுக்கலாம்."

யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் நர்ஸும் கேப்டனின் மச்சினனும் கண்ணாடிக்கடைக்காரரைத்தான் பார்த்தார்கள். அவர் கழுத்தில் தொங்கிய பைனாகுலரை மெதுவாகச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஏரியைச் சுற்றும் அந்த நாலு பேர் சைக்கிள் குழு, கேப்டன் ஆரம்பித்தது. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர், கட்டளை போடுவது அவருக்குத் தொழில். முன்பெல்லாம் வெயில் ஏறுவதற்குள் முழுச் சுற்றும் முடிந்துவிடும். எதிர்க்கரையில், நாணல் அடர்ந்த இடத்தில் உட்கார்ந்து, நர்ஸ் பிளாஸ்கில் கொண்டுவரும் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்புவார்கள்.

நடுவில் ஒரு ஆபரேஷனுக்காக கேப்டன் சில மாதங்கள் வரவில்லை. அவர் கணக்கில் சின்ன ஆபரேஷன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணை மூடினால் அந்த எதிர்க்கரைதான் வந்து நிற்கும். அங்கே ஒருமுறை போய் உட்கார்ந்துவிட்டால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்துக்கொள்வார்.

திரும்பி வந்து பார்த்தால் குழுவின் ஒழுங்கு குட்டிச்சுவராகியிருந்தது. கண்ணாடிக்கடைக்காரருக்குப் பறவைப் பைத்தியம் பிடித்திருந்தது. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே "ஷ்... அங்க பாருங்க" என்று கையைத் தூக்கிவிடுவார். எல்லா சைக்கிளும் நிற்கும். பாதி ஏரி தாண்டுவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிடும். வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

"உங்க பறவைக்கெல்லாம் மேட்டுல ஏறும்போதுதான் வரத் தோணுமா?" என்று போன வாரம்கூடக் கேப்டன் கேட்டார்.

"அதுங்க குணம் அப்படி, கேப்டன்," என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

இன்று கிளம்பினார்கள். முன்னால் மச்சினன், அடுத்து நர்ஸ், அப்புறம் கண்ணாடிக்கடைக்காரர். கடைசியில் கேப்டன். முன்பு அவர்தான் முதலில் போவார். பின்னாலிருந்து கவனித்தால்தான் யார் சரியாக ஓட்டவில்லை என்று தெரியும் என்பது இப்போது அவர் சொல்லும் காரணம்.

மரப்பாலம் வரைக்கும் ஒரு தடங்கலும் இல்லை. நீர்க்காகங்கள் கம்பங்களின் மேல் இறக்கையை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. கண்ணாடிக்கடைக்காரர் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மிரட்டல் வேலை செய்கிறது என்று கேப்டனுக்குத் திருப்தி.

பாலம் தாண்டியதும் மதகுக்குப் போகும் மேடு. எதிர்க்காற்று. செயினுக்கு எண்ணெய் போட்டிருக்க வேண்டும், நேற்றே நினைத்தார். பெடல் ஈரமண்ணில் புதைந்ததுபோல நகர மறுத்தது. முன்னால் மச்சினன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

கண்ணாடிக்கடைக்காரரின் கை மேலே போனது. "ஷ்..."

கேப்டன் வந்து சேர்ந்து, சைக்கிளைத் தடுப்புச் சுவரில் சாய்த்தார். சாய்த்தார் என்பதைவிட, மோதினார் என்று சொல்லலாம்.

"என்னய்யா... சொல்லிட்டு வந்தேன்?"

"இல்ல கேப்டன், அபூர்வமான பறவை. இப்பதான் நாணலுக்குள்ள போச்சு."

"என்ன பறவை?"

"சாம்பல் கலர்ல... கொஞ்சம் சின்னதா..."

"போன வாரமும் சாம்பல் கலர்தான்."

"பறவை என்ன, வாரத்துக்கு வாரம் சட்டையா மாத்தும் அத்தான்?" என்றான் மச்சினன்.

கேப்டன் சிரிக்கவில்லை. கண்ணாடிக்கடைக்காரர் இன்னும் கண்ணில் வைத்திருந்த பைனாகுலரைப் பிடுங்கித் தன் கண்ணில் வைத்துப் பார்த்தார். ஒரே இருட்டு. திருப்பிப் பார்த்தார். முன்பக்கத்தில் இரண்டு மூடிகளும் கச்சிதமாக மூடியிருந்தன.

"ஊருக்கே பார்வை சரிபண்றவர் நீங்க. மூடியப் போட்டுக்கிட்டு எந்தப் பறவையப் பார்த்தீங்க?"

நர்ஸ் தண்ணீரைப் பார்த்தாள். மச்சினன் சைக்கிள் மணியைத் துடைக்க ஆரம்பித்தான்.

புதிதாக வண்டி பழக வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே யார் பிரேக்கை மிதிக்கப்போகிறார் என்று சொல்லிவிடுகிறவர் கேப்டன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஓ... அப்படியா சங்கதி. நம்ம நாலு பேர்ல... யாருக்கோ முடியல. அவங்க மானம் போகக் கூடாதுன்னு... பறவை மேல பழியப் போட்டு நிக்கறீங்க."

இதைச் சொல்லி முடிக்க அவர் இரண்டு மூன்று இடங்களில் நிறுத்த வேண்டியிருந்தது.

"யாருன்னு சொல்லுங்க. நானே... நயமாப் பேசி நிறுத்திடறேன். முடியாதவங்க எதுக்கு வந்து... உடம்பக் கெடுத்துக்கணும்? நம்மளாலயும் ஒரு சுத்து... முடிக்க முடியல."

ஒவ்வொருவராகப் பார்த்தார். நர்ஸின் நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. மச்சினன் வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். கண்ணாடிக்கடைக்காரர் வாயை மூடி, மூக்கால் நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டு நின்றார்.

காற்றுகூட நின்றிருந்தது.

அந்த அமைதியில் ஒரே ஒருவருக்கு மட்டும் மூச்சு துருத்திபோல இரைத்துக்கொண்டிருப்பது கேப்டனுக்குக் கேட்டது. மிகவும் பக்கத்தில் கேட்டது.

அவர் தடுப்புச் சுவரில் உட்கார்ந்தார். பிறகு பைனாகுலரின் மூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, அதைக் கண்ணாடிக்கடைக்காரரிடம் நீட்டினார்.

"சாவகாசமாப் பாருங்க," என்றார். "எதிர்க்கரை எங்கயும் ஓடிப்போயிடாது."