ஓட்டை இருக்கா, இல்லையா?

"படத்தை வெளியில விட்டது யாரு?"

டிசைன் பிரிவின் தலைவி 'கெடுபிடி' மேடம் கேட்டதும், டிசைன் அறையில் எல்லாரும் குனிந்து அவரவர் கம்ப்யூட்டரைத் தட்ட ஆரம்பித்தார்கள்.

விஷயம் இதுதான். இன்னும் கடைக்கே வராத மலிவு விலை போனின் படம் ஒன்று காலையிலிருந்து இணையத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. படத்தில் போனின் அடிப்பக்கம் மொழுமொழுவென்று இருந்தது. ஸ்பீக்கர் புள்ளிகள் இருந்தன, சார்ஜர் போடும் இடம் இருந்தது. இயர்போன் சொருகும் ஓட்டையை மட்டும் காணோம்.

அவ்வளவுதான், ஆளாளுக்கு ஜோசியம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஓட்டை தலைப்பக்கம் போயிருக்கும் என்றார் ஒருவர். அந்த இடத்தில் பெரிய பேட்டரி வைத்திருப்பார்கள் என்றார் இன்னொருவர். விலையைக் குறைக்கத்தான் ஓட்டையை எடுத்தார்கள் என்று ஒரு அப்பாவி எழுதப்போக, எல்லாரும் சேர்ந்து அவரை வறுத்தெடுத்தார்கள்.

ஓட்டை இல்லாவிட்டால் இந்த போனே வேண்டாம் என்பதில் மட்டும் அத்தனை பேரும் ஒரே கட்சி.

மேடத்தின் பார்வை கடைசி நாற்காலியில் வந்து நின்றது. அங்கே உட்கார்ந்திருந்தவனுக்கு ஆபீஸில் 'கலகம்' என்று பெயர். எந்த மீட்டிங்கிலும் சும்மா இருக்கமாட்டான். போன மீட்டிங்கில் ஓட்டைக்காகத் தொண்டை வறளக் கத்தியவனும் அவன்தான்.

"ஓட்டை இருந்தா பழைய போன் மாதிரி தெரியுதாம், எம்.டி. சொல்றாரு. இந்த போனை வாங்கப்போறது யாரு மேடம்? வாட்ச்மேன் வாங்குவாரு. தினம் பஸ்ல ஊர் கோடியிலேருந்து வேலைக்கு வர்றவங்க வாங்குவாங்க. பிஞ்சுபோன இயர்போனுக்கு டேப் சுத்தி ஓட்டுறவங்க. ஒயர் இல்லாத இயர்போனை அவங்க தலையில கட்டினா எப்படி?"

"எம்.டி. சொன்னா சொன்னதுதான். உட்காருங்க" என்று அன்றைக்கு அவன் வாயை அடைத்தது இதே மேடம்தான். 'சரியான ஜால்ரா' என்று டிசைன் அறை அன்றே முடிவு கட்டிவிட்டது.

"நான் விடலை மேடம். சத்தியமா."

கலகத்தின் குரல் சுருதி இறங்கியிருந்தது. புது வீட்டுக்குக் குடிபோன கையோடு வேலை போனால் என்ன ஆவது? அந்த நேரம் பார்த்து மனைவியிடமிருந்து செய்தி வந்தது. 'ஜன்னல் திரைக்குப் பச்சை எடுக்கட்டுமா, நீலம் எடுக்கட்டுமா?' அவன் போனைக் கவிழ்த்து வைத்தான்.

"யார் விட்டாங்கன்னு படமே சொல்லிடும்" என்றார் மேடம்.

சொல்லும்தான். அந்த ஆபீஸில் ஒரு பழக்கம் உண்டு. வெளிவராத போனின் படத்தை டிசைன்காரர்களுக்குக் கொடுக்கும்போது, ஒவ்வொருவர் படத்திலும் ஏதாவது ஒரு ஸ்பீக்கர் புள்ளியை மயிரிழை அளவுக்குத் தள்ளி வைத்துவிடுவார் மேடம். யார் படத்தில் எந்தப் புள்ளி என்பது அவருக்கு மட்டுமே தெரியும். படம் வெளியே போனால் ஆள் மாட்டிக்கொள்வார்.

கதவைத் தள்ளிக்கொண்டு எம்.டி. வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"காலையிலேருந்து கடைக்காரங்க என்னை உயிரோட விடலை. ஓட்டை இல்லாம அனுப்பினா ஒரு பெட்டியைக்கூட இறக்கமாட்டாங்களாம். வேற வழியில்லை, அந்த எழவைத் திரும்ப வெச்சுத் தொலைங்க."

"வந்துடுச்சுடா!"

கலகம் தன்னை மறந்து மேசையைக் குத்தினான். பக்கத்து நாற்காலிக்காரர் விசிலே அடித்துவிட்டார். தோற்ற ஓட்டை ஜெயித்துத் திரும்பியதில் அந்த அறைக்கு அப்படி ஒரு சந்தோஷம். எம்.டி. திரும்பிப் பார்த்ததும் கப்சிப்.

"ரொம்பக் குதிக்காதீங்க. படத்தை விட்டவன் இன்னிக்கே வெளியே போகணும். யாரு மேடம் அது? இவன்தானே?"

எம்.டி.யின் விரல் கலகத்தைக் காட்டியது.

மேடம் படத்தைப் பெரிய திரையில் போட்டார். புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கினார். கலகத்துக்கு உள்ளங்கை வியர்த்தது. தான் செய்யாத தப்புக்கே இப்படி வியர்க்குமா என்று அவனுக்கே சந்தேகம்.

"எல்லாப் புள்ளியும் அதது இடத்துல இருக்கு சார். இது என் ஆளுங்களுக்குக் கொடுத்த படமே இல்லை. ஒரிஜினல்."

"அப்படின்னா?"

"ஒரிஜினல் ரெண்டே பேர்கிட்டதான் இருக்கு. ஒண்ணு நான், இன்னொண்ணு நீங்க. விசாரணை வெச்சா நம்ம ரெண்டு பேர் போனையும் வாங்கி நோண்டுவாங்க. வெச்சிடலாமா சார்?"

எம்.டி.யின் முகத்தில் ஈயாடவில்லை. கர்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"அதெல்லாம் எதுக்கு மேடம்? அதான் ஓட்டை வந்தாச்சே. ஓசி விளம்பரம் கிடைச்சதுன்னு வெச்சுக்குவோம். போய் வேலையைப் பாருங்க."

வந்ததைவிட வேகமாகப் போனார். கதவு மூடியதும் அறை கொல்லென்று சிரித்தது. ஒருவர் கேன்டீனுக்கு போன் போட்டு எல்லாருக்கும் டீ சொன்னார்.

கலகம் மேடத்தின் மேசைக்கு ஓடினான்.

"மேடம், படத்தை அவரே விட்டுட்டு என் தலையை உருட்டப் பார்த்தாரே! நீங்க மட்டும் உண்மையைச் சொல்லலைன்னா இந்நேரம் நான் தெருவுல நிப்பேன். உங்களைப் போய் ஜால்ரான்னு..."

நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"பரவாயில்லை, அது எனக்கும் தெரியும்" என்ற மேடம், அவனைக் கிட்டே வரச்சொல்லிக் குரலைத் தாழ்த்தினார்.

"எம்.டி. பாவம்ப்பா. பெருமைக்காகத் தன் மச்சானுக்கு மட்டும்தான் காட்டினாரு. அந்த மனுஷன் நேரா என்கிட்டயே வந்து, கலர் பிரமாதம்னு சொல்லிட்டுப் போனாரு."

"அப்ப ஊருக்கெல்லாம் எப்படி மேடம் போச்சு?"

"உங்களுக்கெல்லாம் கொடுத்த படங்கள்ல எதைப் போட்டாலும் யாராவது ஒருத்தர் வேலை போயிடும். அதான் என் படத்தையே போட்டுட்டேன்."