வாசல் மண்

மூன்றாவது குழந்தையையும் சந்தியாவின் கணவன் ஜெபகுமார் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்தான். டாக்டருக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை.

நாற்பது நாள் கழித்து, ஐயம்பேட்டையில் குறி சொல்லும் எல்லம்மாளிடம் சந்தியாவை அழைத்துப் போனது அவளுடைய அம்மா பெரியநாயகிதான்.

எல்லம்மாள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

“உன் வாசல்ல யாரோ மண்ணை வாரித் தூத்திட்டுப் போயிருக்குறாங்கம்மா. தூத்தின கையே அந்த மண்ணை அள்ளிக்கினு போயி பாலாத்துல கரைக்கணும். அதுவரைக்கும் அந்த வீட்டுல தொட்டில் ஆடாது.”

ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது சந்தியா ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள்.

“என் ஓரகத்தியா இருக்குமாம்மா? வேற சாமி கும்பிடுறவன்னு என்னைக் கண்டாலே அவளுக்கு ஆகாது.”

பெரியநாயகி மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“யாரா இருந்தாலும் சரி, கால்ல விழுந்தாவது கூட்டிக்கினு வந்துடுறேம்மா” என்றாள் சந்தியா.

மறுநாள் விடியற்காலையில் வாசலில் ணங் ணங்கென்று சத்தம் கேட்டது. சந்தியா கதவைத் திறந்தாள். பெரியநாயகி கடப்பாரையால் வாசல் சிமெண்டைக் குத்திக்கொண்டிருந்தாள். முப்பது வருடமாகப் பட்டு இழையை மட்டுமே பிடித்த கை கிழிந்து, ரத்தம் வடிந்துகொண்டிருந்தது.

“என்னம்மா பண்ற? சிமெண்ட் போட்டே அஞ்சு வருசமாவுது.”

பெரியநாயகி நிமிரவில்லை.

“நீ ஜெபகுமாரோட ஓடியாந்த அன்னைக்கு, இங்க மண்ணாதாம்மா இருந்துச்சு.”