எனக்கு இன்னும் பழசுதான்

ஒரகடம் தொழிற்சாலையின் இணையதளம் இத்தனை நாளும் நூறு தளங்களோடு ஒரே சர்வரில் நெரிந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டர் பிரிவு அறிவுமதி அதைத் தனி சர்வருக்கு மாற்றி முடித்தபோது காலை பத்து மணி.

"நல்ல ஸ்பீடு, அறிவுமதி" என்றார் ஹெச்.ஆர். கங்கா, மானிட்டரைப் பார்த்தபடி. "புது சர்வர்ல ஊழியர்கள் பக்கத்தை மட்டும் நானே மாத்திட்டேன்."

"எனக்கு இன்னும் பழசுதான் வருது மேடம். சைட்டோட புது சர்வர் அட்ரஸ் எல்லா இடத்துக்கும் போய்ச்சேர ஒரு நாள் ஆகும். அதுவரைக்கும் சிலருக்குப் பழசு, சிலருக்குப் புதுசு."

மதியம் கேன்டீனில், ஸ்டோர் ஜோயல் தன் முட்டையை எடுத்து அறிவுமதியின் தட்டில் வைத்தான்.

"துன்னுண்ணே. சைட்டு பாத்தேன். எனக்குப் புதுசு வந்துச்சு. உனுக்கு?"

"பழசுதான். நாளைக்கு சரியாயிடும்."

ஜோயல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "ஆமாண்ணே" என்றான்.

சாயங்காலம் சூப்பர்வைசர் நரசிம்மன் கை கொடுத்தார். எட்டு வருடத்தில் கை கொடுத்ததில்லை. தளம் நன்றாக வந்திருக்கிறது போல என்று அறிவுமதி நினைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை கம்பெனி பஸ் சேரப்பணஞ்சேரியைத் தாண்டும்போது போனில் தளத்தைத் திறந்தான். ஒரே நொடியில் வந்தது. ஊழியர்கள் பக்கத்தில் அவன் படம் இல்லை, பெயரும் இல்லை. அந்த இடத்தில், 'சர்வர் பராமரிப்பு: வெளி நிறுவனம்' என்று இருந்தது. கீழே ஒரு போன் நம்பர்.

மேலும் கீழும் இரண்டு முறை தள்ளிப் பார்த்தான். பிறகு ஜோயலுக்கு ஒரு வாட்ஸ்அப் அனுப்பினான்.

"எனக்கும் புதுசு வந்துடுச்சு."