கபீரின் கைவேலை

"குதிரை நோகாம விழணும், பாய். ஒரே தடவைதான். ரெண்டாவது தடவைங்கிற பேச்சே வரக் கூடாதுன்னு அர்பாப் சொல்றாரு."

சொல்லிவிட்டு ரெங்கராஜ், பக்கத்தில் நின்ற தன் கிழ முதலாளியைப் பார்த்தார். அர்பாப் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, துணியில் சுற்றி வைத்திருந்த ரிவால்வரை மேசைமேல் வைத்தார். வைக்கும்போதே அவர் கை நடுங்கியது.

அகமது கபீருக்கு வாயெல்லாம் பல். மதுரையில் ரிவால்வர் வேலையில் பேர் வாங்கியவன் என்றுதான் அரபு நாட்டுப் புஜைராவின் இந்தத் துப்பாக்கிக் கடைக்கு அவனை எடுத்திருந்தார்கள். வந்த நாளாக அவன் செய்ததெல்லாம் வேட்டைத் துப்பாக்கிகளுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்ததுதான். அதற்கு ஆள் எதற்கு என்று, விசா கொடுத்த கடை முதலாளியான கஃபீல் நேற்றுத்தான் கேட்டார். "ரிவால்வர் மாஃபி. இந்த மாசத்தோட கலாஸ். விசா கேன்சல்." ரிவால்வர் வேலை இல்லை, இந்த மாதத்தோடு முடிந்தது என்று அர்த்தம்.

அந்தக் கஃபீல் இப்போது கல்லாவில் உட்கார்ந்து இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் விழ வைக்காத குதிரையா, அண்ணே?" என்றான் கபீர். "ஊர்ல எத்தனை விழ வச்சிருக்கேன்னு கணக்கே இல்ல. பூ விழற மாதிரி விழும்."

ரெங்கராஜ் அவனை ஏற இறங்கப் பார்த்தார். நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார். சட்டையில் காய்ந்த புல் ஒட்டியிருந்தது. தோட்ட வேலை போலிருக்கிறது, ரிவால்வரைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்று கபீர் நினைத்துக்கொண்டான்.

தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டு, பக்கத் தகட்டைக் கழற்றினான். கழற்றியவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"யா அல்லாஹ்! இதைச் செஞ்சவன் மனுஷனே இல்ல, அண்ணே. வந்து பாருங்க. வெளியில பளபளன்னு எவனும் தேய்ச்சிருவான். ஒருத்தரும் பாக்கப் போறதில்லன்னு தெரிஞ்சும் உள்பக்கத்தையும் கண்ணாடியாட்டம் தேய்ச்சிருக்கான். எண்ணெய் காஞ்சு பிசினாப் போனதுதான் கோளாறு."

"இன்னிக்கே முடியுமா?"

"நீங்க ஒரு டீ குடிங்க. என்ன, போட்டிக்குப் போறாங்களா?"

"போட்டியெல்லாம் இனிமே முடியாதுன்னுட்டாங்க, பாய்."

கபீர் கிழவரின் நடுங்கும் கையைப் பார்த்தான். "வயசாயிருச்சுல்ல, பாவம்."

"என்ன பெரிய வயசு" என்றார் ரெங்கராஜ், வெடுக்கென்று. முதலாளியைச் சொன்னால் இவருக்கு ரோஷம் வருகிறதே என்று கபீருக்குச் சிரிப்பு வந்தது.

ரிவால்வரின் பின்னால் நிமிர்ந்து நின்று, விசையை அழுத்தியதும் தோட்டாவின் முதுகில் போய் அடிக்குமே, அந்தக் குதிரை விழுகிற விதத்தில்தான் ஒருவனுடைய கைவேலை தெரியும் என்பது கபீரின் கட்சி. விசை முரடாக இருந்தால் விரல் முக்கும், கை ஆடும், குறி தப்பும். அவன் குதிரையைத் தனியே எடுத்து, அது விசையோடு கவ்விக்கொள்கிற விளிம்பை எண்ணெய்க் கல்லில் தேய்த்தான். தேய்ப்பான், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான், மறுபடி தேய்ப்பான். ஒரு மயிரிழை கூடிப் போனாலும் தொட்ட மாத்திரத்தில் வெடித்துவிடும். வேலையும் போய்விடும், விசாவும் போய்விடும். நெற்றி வேர்வையைத் துடைக்கக்கூட அவன் கல்லை விட்டுக் கை எடுக்கவில்லை.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்கிற நேரத்துக்கு எல்லாவற்றையும் மாட்டி முடித்தான். காலி ரிவால்வரைச் சுவரை நோக்கிப் பிடித்து, குழாயின் மேல் ஒரு திர்ஹம் காசை வைத்தான். விசையை அழுத்தினான். டிக். காசு அசையவில்லை.

"அண்ணே, வாங்க. குதிரை விழற அழகைப் பக்கத்துல வந்து பாருங்க. கண் குளிர்ந்து போயிரும்."

"நான் பாக்கல, பாய்."

"அட, வெக்கப்படாம வாங்க. பாக்கக் குடுத்து வச்சிருக்கணும்."

ரெங்கராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அர்பாப் எழுந்து வந்து ரிவால்வரைக் கையில் வாங்கினார். கபீர் காசை வைத்தான். கிழவரின் விரல் விசையைத் தொட்டதுதான் தெரியும். டிக். அவ்வளவு நடுங்கிய கையிலும் காசு விழவில்லை.

கிழவர் ரிவால்வரை வைத்துவிட்டுக் கபீரின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அரபியில் என்னவோ நீளமாகச் சொன்னார். அதைக் கேட்ட ரெங்கராஜ் குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்துவிட்டார்.

 அவன் வேலையைப் பார்த்துப் பாராட்டியவர்கள் உண்டு, அழுதவர்கள் கிடையாது. கல்லாவிலிருந்து கஃபீல் எழுந்து வந்து, "அச்சா காம், கபீர். விசா கேன்சல் மாஃபி" என்று முதுகில் தட்டினார். இதைவிட நல்ல நாள் இந்த நாட்டில் தனக்கு வராது என்று கபீருக்குத் தோன்றியது.

"அர்பாப் என்னண்ணே சொன்னாரு? அப்படியே சொல்லுங்க, ஊருக்குப் போன்ல சொல்லணும்."

ரெங்கராஜ் துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்தார்.

"கை ஆடி, முதல் குண்டுல உசிரு போகாம துடிச்சிருமோன்னு பயந்துக்கிட்டு இருந்தாராம், உங்களால இனிமே அந்தப் பயமில்லையாம். பந்தயத்துல முன்னங்கால் முறிஞ்சு லாயத்துல கெடக்கு, பாய். பொறந்தன்னிக்கு நான் கையில ஏந்தின குதிரை, சாயங்காலம் அது தலையைப் பிடிச்சுக்க வேண்டியதும் நான்தான்."