தனித் தம்ளர்

கார்த்திகைத் தூறலில் கோபுரங்கள் பாதி உறக்கத்தில் இருந்தன. ஈரக்காற்றில் பிள்ளையார்பாளையத்துத் தறிகளும் சுருதி தாழ்த்தியே ஒலித்தன. டவுன் பஸ் ஓட்டும் ஆனந்தராஜுக்கு அன்று விடுப்பு. கைப்பேசியை மடியில் வைத்தபடி, கனவில் இருப்பவர்போல் மழையைப் பார்த்திருந்தார்.

நெடுங்காலமாக ஈரலில் ஒளிந்திருந்த ஹெபடைட்டிஸ் கிருமி, அந்த வீட்டில் வெளிப்பட்டு நாலு மாதம். அன்றிலிருந்து அலமாரி மூலையில் ஒரு தட்டும் ஒரு தம்ளரும் தனி, பாயும் தனி. தட்டாலும் தம்ளராலும் தொற்றாது என்று டாக்டர் எடுத்துச் சொல்லியும் மனைவி அம்சவேணி இளகவில்லை.

"எதுக்கு வம்பு? எட்டியே இருக்கலாம்" என்றுவிட்டாள்.

எதிர்வீட்டுச் சந்தோஷ்குமார் தலையை நீட்டினான். "இன்னா மாமா, குந்திக்கினே கீற? அக்கா இன்னும் உன்னைத் தள்ளித்தான் வெச்சிருக்குதா?"

ஆனந்தராஜ் சிரித்துவைத்தார். மனம் ஊசியிலேயே நின்றது. ஈரல் எவ்வளவு தழும்பேறியிருக்கிறது என்றறிய, விலாவழியே ஊசி செலுத்திச் சதைத்துணுக்கு எடுப்பார்களாம். முதலில் இரத்தத்தைப் பார்ப்போம், அதிலுள்ள அளவுகளை வயதோடு சேர்த்துக் கணித்தாலே பெரும்பாலும் புலப்பட்டுவிடும் என்றிருந்தார் டாக்டர்.

கைப்பேசி அதிர்ந்தது. நர்ஸ் பிரவீனா.

"பயப்படாதீங்கண்ணா. ஸ்கோர் கம்மியாதான் இருக்குது. ஈரல்ல பெருசா தழும்பு இல்லன்னு டாக்டர் சொல்றாரு. இப்போதைக்கு ஊசி வேணாம். ஆறு மாசத்துக்கு ஒருவாட்டி ரத்தம் மட்டும் குடுத்துடணும்."

நனைந்துகொண்டே வரதராஜர் கோயிலுக்குப் போனார். படியேறி, கூரையில் பதித்த தங்கப் பல்லியைத் தொட்டார். தொட்டவர் கை பட்டால் மற்றவர் பிணியும் நீங்கும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. பிரசாதத் துளசியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு வீடு திரும்பினார்.

அம்சவேணி சுவரோரம் ஒதுங்கி நின்றாள். தனித் தம்ளரில் நீர் வார்த்து, துளசி இட்டு அவளிடம் நீட்டினார். ஒரு மிடறு பருகினாள். மிச்சத்தை வாங்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டு, வாயருகே கொண்டுபோனார்.

"வாணாங்க. அது என்னோட தம்ளர்" என்று பதறினாள்.

அவர் கடைசித் துளிவரை குடித்தார்.

அவள் நெகிழ்ந்து அவர் காலருகே குனிந்தாள். பல்லியைத் தொட்ட கையை அவள் உச்சியில் வைத்தார். தீர்க்க சுமங்கலியாக இரு என்ற வழக்கமான வாழ்த்து நாவரை வந்தது. அதில் அவள் முந்திக்கொண்டு போவதும் அடங்கியிருந்தது, விழுங்கிவிட்டார்.

"எனக்கு அப்புறமும் நெடுநாள் இரு, அம்சா."