காசிநாதன் வீட்டு இன்வெர்ட்டர்

கரண்ட் போனது. அந்த வருஷம் சிதம்பரத்தில் வெயிலுக்கும் பஞ்சமில்லை, கரண்ட் கட்டுக்கும் பஞ்சமில்லை.

உடனே பக்கத்து வீட்டுக் காசிநாதன் பனியனோடு வெளியே வந்தார். வாசலில் நாற்காலியைப் போட்டு விசிறிக்கொள்ள ஆரம்பித்தார். ஜன்னலோரக் கட்டிலில் இருந்த ரத்தினம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இந்தத் தெருவுலயே மொத இன்வெர்ட்டர் அவன் வூட்லதான். போட்டா தேஞ்சிடும்னு வெளிய வந்து விசிறிக்கிறான் பாரு, கருமி.”

மருமகள் வெண்மதி லேப்டாப்பைத் திறந்தாள்.

காசிநாதன் ரத்தினம்மாளின் சொந்தக் கொழுந்தன்தான். பாகப்பிரிவினையில் வீட்டுக்கு நடுவே சுவர் எழும்பியதிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. அவள் முட்டி ஆபரேஷன் முடிந்து வந்தபோதுகூட அவர் எட்டிப் பார்க்கவில்லை. அது அவளுக்கு ஆறவே இல்லை.

சென்னையில் முட்டியை மாற்றி அனுப்பிவிட்டார்கள். பயிற்சிக்காகத் தினமும் அவ்வளவு தூரம் போய்வர முடியுமா? பிசியோதெரபி ரேகா லேப்டாப்பில் வந்து, கேமராவில் காலைப் பார்த்தே சொல்லிக்கொடுப்பாள். அவளுக்கு ஒழிகிற நேரம்தான் இங்கே கரண்ட் போகிற நேரம். இந்த மாதத்துக்குள் மடங்காவிட்டால் முட்டி அப்படியே இறுகிவிடும் என்று பயமுறுத்தி வைத்திருந்தாள். ரத்தினம்மாளுக்கோ ஆனித் தேரை நடந்து போய்ப் பார்த்துவிட வேண்டும்.

“மெதுவா மடக்குங்கம்மா,” என்றாள் ரேகா.

வலி மாத்திரை மயக்கத்தில் அந்தக் குரல் எங்கிருந்தோ மிதந்து வந்தது. கண் சொக்கியது. ரத்தினம்மாள் கீழ வீதியில் நடந்துகொண்டிருந்தாள். தேர் அசைந்து அசைந்து வருகிறது. வலியே இல்லை, கால் தரையில் படுகிறதா என்றுகூடத் தெரியவில்லை. முன்னால் புருஷன் போகிறார். அவள் கல்யாணமாகி வந்தபோது இருந்த அதே சின்னப் பையன் காசிநாதன், முந்தானையைப் பிடித்துக்கொண்டு கூடவே வருகிறான். தள்ளிப் போடா என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

திடீரென்று குரல் நின்றது. விழித்துப் பார்த்தால், திரையில் ரேகா திறந்த வாயோடு அப்படியே நின்றிருந்தாள்.

பதற்றத்தில் வெண்மதி தன்னை மறந்து ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள். “சின்ன மாமா, வயர் கழண்டுடிச்சி போலருக்கு.”

காசிநாதன் எழுந்து உள்ளே ஓடினார். சற்று நேரத்தில் ரேகா அசைந்தாள். “இன்னும் கொஞ்சம்... அவ்ளோதாம்மா, நல்லா மடங்கிடிச்சி.”

ரத்தினம்மாள் அதைக் காதில் வாங்கவில்லை. பயிற்சி முடிந்து லேப்டாப்பை மூடியதும் கேட்டாள். “அவன எதுக்கு நீ கூப்ட்ட?”

வெண்மதி தயங்கினாள். “லேப்டாப்புல பேட்டரி இருக்கு அத்தை. இன்டர்நெட் பொட்டிக்குக் கரண்டு வேணுமே. சின்ன மாமாதான் சொவுத்து மேல வயர் இழுத்து, அவரு இன்வெர்ட்டர்லேர்ந்து குடுக்குறாரு. பழைய பேட்டரியாம். ஃபேன் போட்டா உங்க பயிற்சி முடியற வரைக்கும் தாங்காதாம்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“அவருதான் வேணாம்னாரு. ‘அண்ணிக்குத் தெரிஞ்சா வயரைப் புடுங்கிப் போட்டுடும். கால் சரியாவட்டும், அப்பறம் வந்து அந்தக் காலாலயே என்னை ஒதைக்கட்டும்’னாரு.”