தட்டு வைத்த எயார் கன்

"தங்கச்சி, இது சீலைக்கடை இல்லை," என்றார் புளியங்குளம் ஹாட்வெயார் முதலாளி செல்வநாயகம்.

கொம்ப்ரசரில் பூட்டித் தூசி போகக் காற்றடிக்கும் எயார் கன் நாலைந்தை மஸீனா அதற்குள் வேண்டாமென்று தள்ளியிருந்தாள்.

"முனையில வட்டத் தட்டு வச்சது வேணும். தூள் திரும்பி முகத்தில அடிக்கக் கூடாது."

"தொழில் தெரிஞ்ச ஆக்கள் அதைக் கேக்கிறேல்லை. உங்கட அவரை வரச் சொல்லுங்கோ."

"அவருக்கு வர ஏலாது."

"அப்ப போனில படம் அனுப்புங்கோ. அவர் பாத்துச் சொல்லட்டும்."

மஸீனா தட்டில்லாத ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"என்னத்தால பாக்கிறது? போன வருசம் அவரும் இங்க வந்து தட்டு வச்சதைத்தான் கேட்டவர். தொழில் தெரிஞ்ச பாஸுக்குத் தட்டு தேவையில்லையெண்டு நீங்கள்தான் இதைக் கட்டித் தந்தனீங்கள். இரும்புத்தூள் பறந்து ரெண்டு கண்ணும் போட்டுது. இப்ப கராஜில வேலை செய்யிறது நான்."

செல்வநாயகம் உள்ளே போய், தட்டு வைத்த ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தார்.

மஸீனா அதை வாங்கிப் பைக்குள் வைத்தாள். ஆனால் இடத்தைவிட்டு நகரவில்லை.

"மேல விக்கத் தொங்கவிட்டிருக்கிற, தட்டு இல்லாததுகளை எல்லாம் இறக்குங்கோ. நான் பாத்திட்டுத்தான் போவன்."

அவர் ஏணியில் ஏறினார். கடைசி ஒன்றும் கீழே வரும்வரை அவள் நின்றாள்.